ஆட்-ஆன் போடும் முன் கேளுங்கள்

கணினி பழகி ஓரளவு கை ஓடத் தொடங்கிய பார்வையற்ற தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், எந்தெந்த ஆட்-ஆன் போட்டுக்கொள்ளலாம்?" திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்களைத்தான் கேட்கிறார்கள். பட்டியல் கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் இன்று நான் கொடுக்கும் பட்டியலில் பாதி அடுத்த ஆண்டு வேலை செய்யாமல் போகலாம். பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் யாரிடமும் பட்டியல் கேட்க வேண்டியிருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்மவர்கள் விண்டோஸில் அதிகம் புழங்கும் என்விடிஏ, ஜாஸ் என்ற இரண்டு திரைவாசிப்பான்களையும் வைத்தே பேசுகிறேன்.

1. முதலில் கையில் இருக்கும் திரைவாசிப்பானை முழுதாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆட்-ஆன் வேண்டும் என்று வருகிறவர்களில் பலருக்குத் தேவையானது என்விடிஏவுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பெயரைத் தப்பாக உச்சரிக்கிறதா? பேச்சு அகராதியில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. ஒரு விசைக் கட்டளை உங்கள் மென்பொருளின் விசையோடு மோதுகிறதா? உள்ளீட்டுச் சைகைகள் உரையாடலில் மாற்றிக்கொள்ளலாம். எக்செலில் மட்டும் வேகம் குறைந்து, நிறுத்தக்குறிகள் எல்லாம் ஒலிக்க வேண்டும் என்று ஒரு தங்கை ஆட்-ஆன் தேடிக்கொண்டிருந்தாள். எக்செலைத் திறந்து, என்விடிஏ விசையோடு கன்ட்ரோலும் பி-யும் அழுத்தி, புதிய புரொஃபைல் ஒன்றை நடப்புச் செயலிக்கென்று உருவாக்கி, அதற்குள் நின்று வேகத்தையும் குறிகளையும் மாற்றினோம். அதன்பிறகு எக்செலுக்குள் போனால் ஒரு பேச்சு, வேர்டுக்குத் திரும்பினால் பழைய பேச்சு. ஜாஸிலும் செயலிக்குச் செயலி தனி அமைப்பு வைக்கலாம். பெயரில்லாத பொத்தானுக்கு நீங்களே பெயர் சூட்டலாம். பயனர் கையேட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்துவிடுங்கள். உதவி மெனுவிலேயே இருக்கிறது. அதைப் படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. படித்தவர்கள் எல்லோரும் நன்றாக வேலை செய்கிறார்கள்.

2. கோளாறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறக்கிறீர்கள். "தமிழ்" என்று வரவேண்டிய இடத்தில் "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று வாசிக்கிறது. திரைவாசிப்பான் கெட்டுவிட்டது என்று நினைத்து ஆட்-ஆன் தேடிப் போகாதீர்கள். அந்தக் கோப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது. அதற்குள் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகள்; கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வடிவத்தால். திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எழுத்தைத்தான் படிக்கிறது. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருக் கோப்புகள் இன்றும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இதற்கு மருந்து எழுத்துரு மாற்றி; கோப்பை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் படியுங்கள்.

அதன்பிறகும் மௌனமாக இருந்தால் குரலைப் பாருங்கள். எலோக்வென்ஸ் என்ற குரலுக்குத் தமிழ் தெரியாது. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக்கில் தமிழ் உண்டு. விண்டோஸில் தமிழ்ப் பேச்சை நிறுவினால் வள்ளுவர் என்ற குரல் கிடைக்கும்.

3. உள்ளே விடுவது யாரை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதை எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்கிறேன். என்விடிஏ ஆட்-ஆன் என்பது என்விடிஏவுக்குள்ளேயே ஓடும் பைத்தான் நிரல். அதற்கு வேலி எதுவும் கிடையாது. நீங்கள் தட்டும் கடவுச்சொல், வங்கிப் பக்கத்தில் இருக்கும் இருப்புத்தொகை, நண்பருக்கு எழுதும் மின்னஞ்சல் என்று திரைவாசிப்பான் எட்டும் இடமெல்லாம் அதுவும் எட்டும். முகம் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு முன் எவ்வளவு யோசிப்பீர்களோ அவ்வளவு இதற்கும் யோசிக்க வேண்டும். 2023.2 பதிப்பிலிருந்து என்விடிஏவுக்குள்ளேயே ஆட்-ஆன் ஸ்டோர் இருக்கிறது. முதன்முதல் திறக்கும்போதே ஓர் எச்சரிக்கை வரும்: இவை சமூகத்தில் பலர் எழுதியவை, என்விடிஏவை உருவாக்கும் என்வி ஆக்சஸ் இவற்றைச் சரிபார்த்து உறுதியளிக்கவில்லை, இவற்றால் உங்கள் சொந்தத் தகவல்களையும் கணினி முழுவதையும் தொட முடியும் என்று அது சொல்கிறது. எல்லோரும் என்டர் தட்டிக் கடந்துவிடுகிறார்கள். நின்று கேளுங்கள். ஸ்டோரில் இருப்பதால் மட்டும் ஓர் ஆட்-ஆன் நம்பகமானது ஆகிவிடாது. வாட்ஸப் குழுவில் யாரோ அனுப்பும் கோப்பைத் தொடவே வேண்டாம்.

என்விடிஏவின் பொது அமைப்புகளில் ஒரு பொத்தான் இருக்கிறது: இப்போதைய அமைப்புகளை உள்நுழைவுத் திரைக்கும் பாதுகாப்புத் திரைகளுக்கும் பயன்படுத்தச் சொல்வது. அதை அழுத்தினால் உங்கள் ஆட்-ஆன்களும் அங்கே போய்விடும், அதுவும் கணினியின் உச்ச அதிகாரத்தோடு. குரலும் வேகமும் அங்கேயும் அமைய வேண்டுமென்றால், ஆட்-ஆன் எதுவும் போடாத நாளிலேயே அதைச் செய்துவிடுங்கள்.

படத்தை விவரித்துச் சொல்லும் ஆட்-ஆன்கள் இப்போது நிறைய வருகின்றன. எனக்கும் அவை பிடிக்கும். குடும்பப் படத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று தானாகத் தெரிந்துகொள்வது பெரிய சந்தோஷம். ஆனால் அவற்றில் பல, திரையின் படத்தை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பித்தான் விவரம் வாங்குகின்றன. பாஸ்புக் பக்கம் திறந்திருக்கும்போது அந்த விசையை அழுத்தாதீர்கள்.

4. பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள்.

என்விடிஏ ஆட்-ஆன் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். அதன் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் என்விடிஏ-ஆட்-ஆன் என்ற பகுதியை ஜிப் என்று மாற்றினால் திறந்துவிடும். உள்ளே மேனிஃபெஸ்ட் என்ற சிறு கோப்பு இருக்கும். நோட்பேடில் திறந்து அம்புக்குறியால் வரிவரியாக இறங்குங்கள். பெயர், ஆசிரியர், பதிப்பு எண், எந்த என்விடிஏ பதிப்புக்கு மேல் ஓடும், கடைசியாக எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் தேடுவேன். மூன்று நான்கு ஆண்டு பழைய எண் இருந்தால், அதை எழுதியவர் அதைத் தொட்டுப் பல நாளாகிறது என்று அர்த்தம். பக்கத்திலேயே குளோபல் பிளகின்ஸ், ஆப் மாட்யூல்ஸ் என்ற அடைவுகள் இருக்கும். முன்னது எப்போதும் ஓடும்; பின்னது குறிப்பிட்ட செயலி முன்னால் இருக்கும்போது மட்டும் ஓடும். கால்குலேட்டருக்கு உதவும் என்று சொல்லும் ஆட்-ஆன் எப்போதும் ஓடும் அடைவில் குடியிருந்தால், ஏன் என்று ஆசிரியரைக் கேளுங்கள்.

ஜாஸில் ஆட்-ஆனின் இடத்தில் இருப்பது ஸ்கிரிப்ட்; அதில் வேறு மாதிரி. எழுதிய மூலக் கோப்பின் பெயர் ஜேஎஸ்எஸ் என்று முடியும். கம்பைல் செய்தது ஜேஎஸ்பி. வெறும் ஜேஎஸ்பியை மட்டும் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் படிக்க முடியாது, நாளை ஒரு திருத்தம் தேவைப்பட்டாலும் செய்ய முடியாது. மூலத்தையும் சேர்த்துத் தருபவரைத் தேடுங்கள். விலைக்கு விற்பவர் மூலத்தை மறைப்பது அவர் உரிமை. அப்படியென்றால் அவர் எத்தனை ஆண்டாக இந்தத் தொழிலில் இருக்கிறார், மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறாரா என்று விசாரியுங்கள்.

5. எதுவும் நிரந்தரமில்லை என்ற கணக்கோடு வாங்குங்கள்.

விண்டோ-ஐஸ் என்று ஒரு திரைவாசிப்பான் இருந்தது. அமெரிக்காவில் ஜிடபிள்யூ மைக்ரோ நிறுவனம் வளர்த்தது. அதற்கு ஸ்கிரிப்ட் எழுதிக் குவித்தவர்கள் உண்டு. அலுவலக வேலையே அந்த ஸ்கிரிப்ட்களின் மேல் நின்றவர்களும் உண்டு. 2017இல் விண்டோ-ஐஸ் நிறுத்தப்பட்டது. அந்த உழைப்பை ஜாஸுக்கோ என்விடிஏவுக்கோ அப்படியே தூக்கிக்கொண்டு போக வழியில்லை. என்விடிஏவிலும் 2019.3 பதிப்பு பைத்தான் 3க்கு மாறியபோது, பழைய பைத்தானில் எழுதப்பட்டு, திருத்தி எழுத ஆளில்லாமல் போன ஆட்-ஆன்கள் அங்கேயே நின்றுவிட்டன. பொதுவாக ஆண்டின் முதல் பதிப்பு, அதாவது புள்ளி ஒன்று என்று முடிவது, பழைய ஆட்-ஆன்களை முடக்கும். உங்கள் வயிற்றுப்பாட்டுக்கான வேலை ஓர் ஆட்-ஆனை நம்பியிருந்தால், அந்தப் பதிப்பு வந்த அன்றே மேம்படுத்தாதீர்கள். ஆட்-ஆனின் புதிய பதிப்பு வரும்வரை பொறுங்கள். பொருந்தாத ஆட்-ஆனை வலுக்கட்டாயமாக ஓடவைக்கும் வசதி ஸ்டோரில் இருக்கிறது. அவசரத்துக்கு உதவும், வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

6. ஜாஸ் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் பயனர் அடைவில் இருப்பதைத்தான் ஜாஸ் எடுத்துக்கொள்ளும். அவுட்லுக்குக்கென்று வெளியார் எழுதிய ஸ்கிரிப்டை நிறுவினால், ஜாஸோடு வந்த அவுட்லுக் ஸ்கிரிப்ட் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். நல்ல ஸ்கிரிப்ட் எழுத்தாளர் தன் கோப்புக்குள்ளேயே ஜாஸோடு வந்த ஸ்கிரிப்டையும் அழைத்துச் சேர்த்துக்கொள்வார். அனுபவமில்லாதவர் பழைய பதிப்பை நகலெடுத்து அதில் நாலு வரி சேர்த்துக் கொடுத்துவிடுவார். அடுத்த ஆண்டு ஜாஸில் வரும் மேம்பாடு எதுவும் உங்கள் காதுக்கு எட்டாது. சந்தேகம் வந்தால் இன்சர்ட்டோடு க்யூ அழுத்துங்கள். எந்தக் கோப்பு ஏறியிருக்கிறது என்று சொல்லும். ஜாஸின் ஒவ்வொரு ஆண்டுப் பதிப்புக்கும் அமைப்பு அடைவு தனித்தனி என்பதையும் மறக்காதீர்கள்.

7. பரிசோதனைக்குத் தனி இடம் வையுங்கள்.

என்விடிஏவின் கருவிகள் மெனுவில் கையடக்க நகல் உருவாக்கும் வசதி இருக்கிறது. உங்கள் இப்போதைய அமைப்புகளைச் சேர்க்காமல் பென் டிரைவில் ஒன்று உருவாக்குங்கள். புது ஆட்-ஆனை அதில் ஒரு வாரம் ஓடவிடுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றுதான். மூன்றை ஒரே நாளில் போட்டுவிட்டு, பேச்சு திக்குகிறது, எதனால் என்று தெரியவில்லை என்று வருவார்கள், எனக்கும் தெரியாது. ஏதாவது சிக்கல் என்றால் என்விடிஏ விசையோடு க்யூ அழுத்தி, ஆட்-ஆன்கள் இல்லாமல் மறுபடி தொடங்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது சரியாக ஓடினால் குற்றவாளி ஆட்-ஆன்களில் ஒன்று.

8. தேவை முடிந்ததை அகற்றுங்கள்.

தூரத்துக் கணினியை இயக்க உதவும் என்விடிஏ ரிமோட் 2015 முதல் ஆட்-ஆனாக இருந்தது, 2025.1 பதிப்பில் என்விடிஏவுக்குள்ளேயே அந்த வசதி வந்துவிட்டது. இப்போதும் பழையதைத் தேடி நிறுவுவதில் பொருளில்லை. புதிய பதிப்பு வந்தால் என்ன மாறியது என்ற பகுதியைப் படித்துவிட்டு, உங்கள் ஆட்-ஆன் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

9. மென்பொருளின் பக்கமே சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள்.

ஒலிப்பதிவு செய்யும் நம்மவர்களுக்கு ரீப்பர் என்ற மென்பொருள் தெரியும். அதைத் திரைவாசிப்பானோடு பேசவைக்கும் ஓசாரா, திரைவாசிப்பானுக்குள் ஓடுவதில்லை. ரீப்பரின் நீட்சியாக ரீப்பருக்குள் ஓடுகிறது. அதனால் என்விடிஏவிலும் பேசுகிறது, ஜாஸிலும் பேசுகிறது, மேக்கில் வாய்ஸ்ஓவரோடும் பேசுகிறது. அதைத் தொடங்கியவர் என்விடிஏவை வளர்த்த ஜேமி டே. திரைவாசிப்பானை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவரே இந்த வேலைக்கு வெளியில் இடம் தேர்ந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். இரண்டு வழி இருந்தால் நான் எப்போதும் இதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

10. அலுவலகக் கணினியில் அனுமதியில்லாமல் எதையும் நிறுவாதீர்கள்.

வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் வேலை பார்க்கிற தம்பி தங்கைகளுக்கு இது. உங்கள் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். தணிக்கையில் தெரியாத நிரல் ஒன்று அகப்பட்டால் பழி உங்கள் மேல் விழும். "திரைவாசிப்பான் ஆபத்தானது" என்று அடுத்து வரும் பார்வையற்றவருக்கும் கதவு மூடும். எழுத்தில் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 20ஆம் பிரிவு, ஊழியருக்கு நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தருவதை ஒவ்வொரு அரசு நிறுவனத்தின் கடமையாக்குகிறது. கடிதத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, எந்த வேலைக்கு எந்த ஸ்கிரிப்ட், எழுதியவர் யார், மூலம் எங்கே கிடைக்கும், அது இல்லாமல் எந்தத் திரையில் தடைப்படுகிறீர்கள் என்று எழுதுங்கள். தகவல் தொழில்நுட்பப் பிரிவினருக்கு வேண்டியது இந்த விவரங்கள்தான். கிடைத்தால் பலர் உதவவே செய்கிறார்கள்.

11. எழுதியவரோடு பேசுங்கள்.

ஜாஸைத் தொடங்கிய டெட் ஹென்டர் 1978இல் கார் விபத்தில் பார்வை இழந்தவர். 2006இல் என்விடிஏவை எழுதத் தொடங்கிய மைக்கேல் கரன் பார்வையற்றவர். ஆட்-ஆன் எழுதுகிறவர்களிலும் நம்மைப் போன்றவர்கள் பலர். வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். "வேலை செய்யவில்லை" என்று ஒரு வரி அனுப்பினால் அவரால் எதுவும் செய்ய முடியாது. விண்டோஸ் பதிப்பு, திரைவாசிப்பான் பதிப்பு, ஆட்-ஆன் பதிப்பு, நீங்கள் அழுத்திய விசைகள் வரிசையாக, என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும் என்று எழுதுங்கள். என்விடிஏ விசையோடு எஃப்1 அழுத்தினால் பதிவேடு திறக்கும், அதையும் சேருங்கள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள், சில சமயம் நீங்கள் தட்டியதும் அதில் பதிவாகியிருக்கும். நன்கொடை கேட்டிருந்தால், சம்பளம் வந்த மாதத்தில் முடிந்ததை அனுப்புங்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் அந்த ஆட்-ஆனின் செய்திகளைத் தமிழாக்கித் தரலாம். பெரும்பாலான ஆட்-ஆன்களில் மொழிபெயர்ப்புக்கென்றே ஓர் அடைவு இருக்கும், அதில் தமிழ் அனேகமாகக் காலியாகத்தான் கிடக்கிறது.