பாடந்தோறும் எழுத்து

முன்னுரை

எழுதக் கற்பித்தல் தமிழாசிரியரின் கடமை. கணக்கும் அறிவியலும் வரலாறும் கற்பிப்போர்க்கு அதில் பங்கில்லை என்னும் எண்ணம் நம் பள்ளிகளில் வேரூன்றியுள்ளது. கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுதுதலும், மனப்பாடம் செய்ததைத் தேர்வில் ஒப்பித்தலுமே பிற பாடங்களில் எழுத்துக்குரிய வேலைகளாக உள்ளன. எழுதுதல் கற்றதைக் காட்டும் கருவி மட்டுமன்று. கற்பதற்குரிய கருவியும் ஆகும். இதனை வடசென்னைச் சூழலில் வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணலிலிருந்து தாளுக்கு

மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாயால் சொல்லிப் பழகுதல் திண்ணைப் பள்ளிகளின் வழக்கம். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான காப்பகத்தை 1789 முதல் நடத்திய ஆண்டுரு பெல், இவ்வழக்கத்தைக் கண்டு தம் பள்ளியிலும் கையாண்டார். 1797-இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அவரது கல்வி முறை 'சென்னை முறை' என்னும் பெயரில் இங்கிலாந்தில் பரவியது. கையும் நாவும் ஒருங்கே பயின்றதால் எழுத்தறிவு வாய்த்தது. ஆயினும், மாணவன் தன் கருத்தைத் தானே எழுதுவதற்கு அங்கு இடம் குறைவே.

அக்குறையை நீக்கும் சிந்தனை இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. மொழி வளர்ச்சி எல்லாப் பாட ஆசிரியர்களின் பொறுப்பு என்று இங்கிலாந்தின் புல்லக் குழு 1975-இல் வலியுறுத்தியது. எழுதுதல் தனித்தன்மை வாய்ந்த கற்றல் முறை என்று அமெரிக்க அறிஞர் ஜேனட் எமிக் 1977-இல் நிறுவ முற்பட்டார். பேசும்போது கேட்பவரின் முகக்குறிப்பு நமக்குத் துணை செய்கிறது. விட்டதை அவரே நிரப்பிக்கொள்கிறார். எழுதும்போதோ அத்துணை இல்லை. எங்கே காரணம் விடுபட்டதோ அங்கே எழுதுகோல் நின்றுவிடுகிறது. அந்த நிற்றலே கற்றலின் தொடக்கம் எனலாம்.

தமிழகப் பள்ளிகளில்

சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரெங்கும் கரும்பலகை அமைத்தது அதன் சிறப்பு. கரும்பலகை ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று என்பதை அது உணர்த்தியது. நடுநிலை வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வியில் படித்தல், மனவரைபடம் வரைதல், தொகுத்தல், எழுதுதல் ஆகிய படிகள் எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக வைக்கப்பட்டன. திட்டங்கள் மாறலாம், இவற்றின் அடிப்படைக் கருத்து மாறத் தேவையில்லை.

கணக்கில் எழுத்து

திருவொற்றியூரை அடுத்த சாத்தாங்காட்டில் பெரும் இரும்புச் சந்தை உள்ளது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் கொண்டு, அதனை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோகிராமில் கிடைக்கும் என்பது இரும்பு வணிகத்திலும் கட்டுமானத் தொழிலிலும் வழங்கும் வாய்பாடு. 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுக்க ஏறத்தாழ 0.89 கிலோகிராம் வரும். விடை காண்பது எளிது. '162 எங்கிருந்து வந்தது?' என்று மாணவனை ஐந்து வரி எழுதச் சொன்னால், வட்டத்தின் பரப்பும், ஒரு கனமீட்டர் எஃகின் எடை 7,850 கிலோகிராம் என்பதும், அலகு மாற்றமும் அவன் எழுத்தில் ஒன்றுகூட வேண்டும். மூன்று பாடங்கள் ஐந்து வரிக்குள் அடங்குகின்றன.

வழிமுறையை எழுதிவைப்பதன் அருமைக்கு இராமானுசன் வாழ்வும் சான்றாகும். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்த அம்மேதை, தாளின் விலை கருதிப் பலகையில் கணக்கிட்டு அழித்து, முடிவுகளையே குறிப்பேட்டில் பதிந்தார். அம்முடிவுகளுக்கு மெய்ப்பு காணப் பிற்காலக் கணித அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைக்க நேர்ந்தது.

அறிவியலிலும் புவியியலிலும்

கடற்காற்றில் இரும்பு விரைந்து துருப்பிடிப்பது ஏன்? ஓர் ஆணியை நன்னீரிலும், மற்றொன்றை உப்புநீரிலும் இட்டு ஏழு நாள் பார்த்து, நாளுக்கு இரண்டு வரி எழுதும் மாணவன் அதனை மறவான். துறைமுகச் சுவர்கள் மணலோட்டத்தைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே திருவொற்றியூர், எண்ணூர்க் கரைகளைக் கடல் அரித்தது. தூண்டில் வளைவு எதற்கு என்பதை மீனவ முதியவரிடம் கேட்டு, நூலில் உள்ளதோடு ஒப்பிட்டு எழுதுவதே உண்மையான புவியியல் பாடம்.

ஆசிரியர்தம் ஐயங்கள்

அறுபது ஏடுகளை யார் திருத்துவது என்பது முதல் ஐயம். எல்லா எழுத்தும் சிவப்பு மையை வேண்டுவதில்லை. பாட முடிவில் 'இன்று விளங்கியது யாது, விளங்காதது யாது' என ஐந்து நிமிடம் எழுதச் செய்து, பத்து ஏடுகளைப் படித்தாலே மறுநாள் எங்குத் தொடங்குவது என்பது புலனாகும். பிழை மலிந்துவிடும் என்பது இரண்டாவது ஐயம். முதல் வரைவில் வீட்டுப் பேச்சு வழக்கு வரட்டும். பொருள் தெளிந்தபின் செந்நடைக்கு மாற்றுவது எளிது. பொருளே தெளியாதபோது இலக்கணம் திருத்துவது விழலுக்கு இறைத்த நீராகும்.

முடிவுரை

ஆலையிலும் துறைமுகத்திலும் உழைப்போரின் பிள்ளைகள் பலர்க்கு, எழுதிப் பழகப் பள்ளியன்றி வேறிடமில்லை. 'தெரியும், எழுத வராது' என்று அவர்கள் கூறுவது சோம்பலன்று. எழுதி எண்ணும் வாய்ப்பை நாம் அளிக்கவில்லை என்பதன் அடையாளம். வினாவின் சொற்கள் சிறிது மாறினாலும் மனப்பாடம் கைவிடும். தன் சொல்லால் எழுதிக் கற்றது கைவிடாது. எனவே, நாளைய ஆசிரியர்களாகிய நம் மாணவர்கள் எப்பாடத்தைக் கற்பிப்பினும் எழுத்தைத் தம் பொறுப்பாகக் கொள்வாராக.