கல்லுக்கு என்ன அவசரம்?

அன்புள்ள மகளுக்கு,

குனோங் ராபாட்டிலிருந்து எழுதுகிறேன். சிம்பாங் பூலாயிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு மின்சார லோரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போய்வந்ததைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். மோட்டார், பேட்டரி பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. என் கோபமெல்லாம் மூன்றாம் பத்தியின்மீது. 80-க்குப் பதில் 90-ல் ஓடினால் 200 கிலோமீட்டரில் கால் மணி நேரத்துக்கு மேல் மிச்சம் என்று எழுதிவிட்டு, நீ பாட்டுக்கு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய்.

கணக்கு சரிதான். இரண்டரை மணி நேரம் 2 மணி 13 நிமிடமாகிறது. அந்த 17 நிமிடத்துக்கு என்ன விலை கொடுத்தாய்? காற்றைத் தள்ளும் செலவு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 80, 90 ஆனால் கிலோமீட்டருக்கு அது மட்டும் 27 சதவீதம் கூடும். டயர் உருளும் செலவு ஏறத்தாழ அப்படியே நிற்கும். இரண்டையும் சேர்த்து 40 டன் லோரிக்கு நான் கணக்குப் போட்டால் மொத்தச் செலவு எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. 200 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 30 யூனிட். மெர்சிடிஸ் இஆக்ட்ரோஸ் 600 லோரி 2024-இல் ஐரோப்பாவைச் சுற்றி 15,000 கிலோமீட்டர் ஓடியபோது கிலோமீட்டருக்கு 1.03 யூனிட் பிடித்தது. என் கணக்கும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

டீசல் லோரியில் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். கூடுதலாகக் குடித்த டீசலைப் பம்பில் ஊற்ற ஒரு நிமிடம் ஆகாது. இங்கே 60 கிலோவாட் சார்ஜரில் அந்த 30 யூனிட் ஏற அரை மணி நேரம் பிடிக்கும். 17 நிமிடம் சம்பாதித்து 30 நிமிடம் கட்டுகிறாய். 180 கிலோவாட் என்றால் பத்து நிமிடம், அப்போது லாபம் உனக்கு. ஏறக்குறைய 110 கிலோவாட்டில் வரவும் செலவும் சமம். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் நேரத்திலேயே சார்ஜ் ஏறிவிடுமானால் கதையே வேறு. 90-ல் போ, மின்கட்டணத்தை மட்டும் கட்டு. இவ்வளவும் சார்ஜரைப் பொறுத்தது. உன் கட்டுரையிலோ சார்ஜரின் அளவே இல்லை!

அடுத்த எரிச்சல், திரும்பும் வழி. "காலி லோரி என்பதால் கவலையின்றி 90" என்று எழுதியிருக்கிறாய். இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. எடை குறைந்தால் டயரின் செலவு குறையும். காற்றுக்கு உன் சுமை தெரியாது, லோரியின் முகம்தான் தெரியும். காலியில் 80-லிருந்து 90-க்கு ஏற்றினால் செலவு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதிலும் உன்னுடையது டிப்பர். கல்லைக் கொட்டிவிட்டுத் திறந்த தொட்டியோடு வந்தால் காற்று உள்ளே விழுந்து, பின்கதவில் மோதிச் சுழலும். கல்லை நிரப்பித் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய தொட்டியைவிட வாய் திறந்த காலித் தொட்டி காற்றில் அதிகம் இழுபடும். லோரி அனுப்பும் வேலையில் இருந்த காலமெல்லாம் "காலியா வந்தாலும் தார்ப்பாயை மூடுங்கப்பா" என்று கத்தியிருக்கிறேன். மூடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

என் அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டியவர். அமோனியா கலந்திருந்தாலும் வெயில் ஏறினால் பால் திரிந்துவிடும் என்ற பயம் இருந்துகொண்டே இருக்கும். அவருடைய அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அப்புறம் நாங்கள் கம்பார், தாப்பா, பீடோர், சுங்கை, சிலிம் ரிவர் என்று பழைய சாலையில் ஓடிய காலம். முன்னால் ஒரு பலகை லோரி அகப்பட்டால் தஞ்சோங் மாலிம் வரை அதன் வால்தான் கதி. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்ததும் எல்லோருக்கும் கால் கனத்துவிட்டது. இப்போது 90-க்கு மேல் போகவிடாத கருவியை 2025 அக்டோபரிலிருந்து கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்குகிறார்கள். நல்ல காரியம். ஆனால் டிரைவர்கள் 90-ஐ எல்லையாகப் பார்க்காமல் இலக்காக வைத்துக்கொள்வார்கள் என்பது என் சந்தேகம். கல் திரிந்தா போகும்?

இனி ஒரு பாராட்டு. ஓய்விடத்தில் சார்ஜர் கார்களுக்கென்று கட்டப்பட்டிருந்ததால் லோரி உள்ளே நுழைய முடியாமல், டிரைவர் டிரெய்லரை ஓரமாக நிறுத்தி, அதன் காலை இறக்கி, கழற்றிவிட்டு, தலையை மட்டும் ஓட்டிப்போய்ச் சார்ஜ் போட்டு, மறுபடி வந்து பூட்டினார் என்று எழுதினாயே, அபாரம். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காலை இறக்கும்போது அவர் உன்னிடம் கடிகாரம் பார்க்கச் சொன்ன இடத்தை இரண்டு தடவை படித்தேன். அங்கே போன 25 நிமிடத்தை எந்த வேகமும் மீட்டுத் தராது. மூன்றாம் பத்தியை எழுதிய அதே கைதான் இதையும் எழுதியதா?

அடுத்த முறை திரும்பும் வழிக்குத் தனிக் கணக்கு வை. தார்ப்பாய் மூடியிருந்ததா, சார்ஜர் எத்தனை கிலோவாட், எவ்வளவு நேரம் வரிசையில் நின்றாய், எல்லாம் வேண்டும். தாப்பா பக்கம் மழை பெய்ததா என்பதையும் குறித்துக்கொள். ஈரச் சாலையில் டயர் தண்ணீரையும் தள்ள வேண்டியிருக்கிறது, அந்த யூனிட்டையும் வேகத்தின் தலையில் கட்டிவிடாதே.

அன்புடன்,
குனோங் ராபாட் பழைய லோரிக்காரன்