காசநோயும் உயிர்ச்சத்தும் மூலிகையும்

தாராவியின் குறுகிய சந்துகளில் காசநோய் புதிய விருந்தாளியன்று. ஓர் அறையில் ஐவர் ஆறுபேர் வாழும் வீட்டில், ஒருவர் இருமினால் கிருமி காற்றில் கலந்து மற்றவர் நுரையீரலை அடைகிறது. ஆயினும் கிருமி புகுந்த அனைவரும் நோயாளிகளாவதில்லை. பெரும்பாலோரிடத்து உடல் அதனை அடக்கிவைக்கிறது. அவ்வாற்றலை உணவும் உயிர்ச்சத்தும் மூலிகையும் வளர்க்குமா என்பதே நாம் ஆராயவேண்டிய வினா.

நுரையீரலில் கிருமியை முதலில் எதிர்ப்பவை விழுங்கணுக்கள். அவை கிருமியை விழுங்கும். ஆனால் காசக்கிருமியோ விழுங்கிய அணுவினுள்ளேயே உயிர்வாழ வல்லது. இங்கேதான் உயிர்ச்சத்து 'டி' துணைக்கு வருகிறது. கிருமியை உணர்ந்த விழுங்கணு, அச்சத்தைச் செயல்படும் வடிவுக்கு மாற்றி, கேத்தலிசிடின் என்னும் கிருமிக்கொல்லிப் பொருளை ஆக்குகிறதென்று 2006-ஆம் ஆண்டில் ஆய்வாளர் காட்டினர். அச்சத்துக் குறைந்த குருதிநீரில் இப்பொருள் குறைவாகவே உண்டாயிற்று.

அப்படியானால் மாத்திரை கொடுத்தால் போதுமா? மங்கோலியாவில் 8,851 பள்ளிச் சிறுவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்றாண்டு வாரந்தோறும் உயிர்ச்சத்து 'டி' கொடுத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அச்சத்துக் குறைந்தவர்களே. எனினும் கிருமித்தொற்று குறையவில்லை என்று 2020-இல் முடிவு வெளிவந்தது. ஆய்வுக்கூடத்தில் உண்மையாவது ஊரில் பயனாகும் என்று கொள்ளலாகாது.

மூலிகைக்கும் இதே உரைகல்தான். ஆடாதொடை நம் பாட்டிமார் அறிந்த இருமல் மருந்து. அதன் வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டே சளியிளக்கும் புரோம்எக்சின் உருவாயிற்று. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், ரிஃபாம்பிசின் மருந்தை உடல் நன்கு ஏற்க உதவுவது. இரண்டையும் சேர்த்த மருந்து 2009-இல் இந்தியாவில் வெளிவந்தது. ஆனால் ஆடாதொடை சளியை இளக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. இருமல் தணிந்ததென்று இருப்பவர் நோயை வளரவிடுகிறார், வீட்டாருக்கும் பரப்புகிறார். காசநோய் மருந்துகளைப் போலவே சில மூலிகைகளும் ஈரலைத் தாக்குவதுண்டு. ஆதலால் மருத்துவரிடம் சொல்லாமல் இரண்டையும் கலப்பது தீது.

எஞ்சி நிற்பது உணவு. இதில் தமிழகத்துக்குத் தனிப் பங்குண்டு. சென்னைக் காசநோய் ஆய்வு நிலையம், 1956-இல் தொடங்கிய ஆய்வில், சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றவரையும், ஏழை வீட்டிலிருந்தே மருந்துண்டவரையும் ஒப்பிட்டது. குணமானோர் அளவு ஏறக்குறைய ஒன்றே என 1959-இல் அறிவித்தது. நோயைத் தீர்ப்பது மருந்தே என்பது உறுதியாயிற்று.

அதனால் உணவு வீணென்று எண்ணிவிடவேண்டா. அதே நிலையத்தின் வழிவந்த நிறுவனம், ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களிடையே மற்றோர் ஆய்வை நடத்தியது. நோயாளிகள் யாவருக்கும் உணவு தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டிலுள்ள மற்றவர்க்கும் அரிசி, பருப்பு, உயிர்ச்சத்து மாத்திரை ஆகியன வழங்கப்பட்டன. அவ்வீட்டாரிடையே புதிதாக நோய் காண்பது 39 விழுக்காடு குறைந்ததென 2023-இல் தெரியவந்தது. முதல் இரு மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் குறைவாயிருந்தது.

இவற்றிலிருந்து நான் கொள்ளும் முடிவு இது: வந்த நோய்க்கு மருந்து, வராமல் காக்க வயிறார உணவு. தனியொரு சத்தோ சாறோ இவ்விரண்டின் இடத்தையும் பிடிக்காது.

நண்பர்களே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமுவோரைச் சளிச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மருத்துவ நிலையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். நோயாளியின் உணவுக்கென 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய உதவி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக்கப்பட்டது. இதற்கான படிவத்தை நிரப்பத் தெரியாத தமிழ்க் குடும்பங்கள் தாராவியில் உண்டு. நாம் கற்ற கல்வி அவர்களுக்குப் பயன்படட்டும்.