ஊறுகாய் ஜாடி வாங்கும் முன்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை உப்புக் காற்றில் தகர டின் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஊறுகாய், புளி, உப்புக்குப் பீங்கான் ஜாடியே ஏற்றது. வாங்கும்போது வணிகர்கள் கவனிக்க வேண்டியவை:

1. விரலால் தட்டினால் கணீரென ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கலாம்.

2. சுமார் 1200 டிகிரி செல்சியஸில் நன்கு சுட்ட ஜாடி கசியாது. தண்ணீர் நிரப்பி, இரவு முழுதும் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். காகிதம் நனைந்தால் திருப்பிக் கொடுங்கள்.

3. உட்பூச்சு உரிந்ததும், உள்ளே வண்ணம் தீட்டியதும் வேண்டாம். சில பூச்சுகளில் ஈயம் உண்டு. புளிப்பு அதைக் கரைத்து ஊறுகாயில் சேர்க்கும். அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். கண்ணால் பார்த்து இதைக் கண்டறிய முடியாது. ஈயமில்லை என்று பில்லில் எழுதித் தருபவரிடமே வாங்குங்கள்.

4. கொதிக்கும் எண்ணெயை ஊற்றினால் ஜாடி விரிசல் விடும். ஆறவைத்து ஊற்றுங்கள்.

ஜாடியில் மிச்சம் பிடிக்கும் காசு, வாடிக்கையாளரின் நம்பிக்கைக்கு ஈடாகாது.