பதுளை ஸ்பிரிங்வெளியில் கொங்கிரீற்றுத் தூண் எழுப்புகிறீர்களா?

2014 ஒக்டோபர் 29 மீரியபெத்த மண்சரிவைப் பதுளை மாவட்டம் மறக்காது. நகரும் மண்ணில் எந்தத் தூணும் நிற்காது. முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதியை எடுங்கள். பிறகு:

• கலவை: சீமெந்து 1, மணல் 1½, கல் 3. மண்வெட்டிக் கணக்கு வேண்டாம். பெட்டியால் அளந்து போடுங்கள்.

• தண்ணீர்: கலவை கஞ்சியாக ஓடினால் பலம் போய்விடும். மழையில் நனைந்த மணல் என்றால் நீரை இன்னும் குறையுங்கள்.

• வளையக் கம்பி: நுனிகளை 135 பாகை உள்நோக்கி மடக்குங்கள். 90 பாகையோடு விட்டால், தூண் குலுங்கும்போது வளையம் விரிந்துவிடும்.

• இடைவெளி: கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் நடுவே 40 மில்லிமீற்றர். அதற்குச் சீமெந்துக் கட்டை வையுங்கள், மரத்துண்டு உக்கிப்போகும்.

• நனைப்பு: பனிதான் விழுகிறதே என்று விடாதீர்கள். ஈரச்சாக்கைச் சுற்றி, குறைந்தது 7 நாள் நனையுங்கள்.