காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை

அன்புள்ள கயல்விழிக்கு,

பள்ளி மணி அடித்ததும் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், சட்டைக் காலர் உறுத்துகிறதென்று கழற்றி எறிந்தால், சுற்றியிருப்பவர்கள் அதை அடம் என்கிறார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்ததாகத் தாய்க்கும் பழி வந்து சேர்கிறது. இந்தத் தீர்ப்பு தவறானது. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசம் பற்றி எழுதியபோதே, உரத்த ஓசை அவர்களைப் பதறவைப்பதைக் குறித்துவைத்தார். ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, புலனுணர்வு வேறுபாட்டை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்க 2013 ஆகிவிட்டது. அத்தனை காலமும் அந்தப் பிள்ளைகள் திட்டு வாங்கியபடியே வளர்ந்தார்கள்.

இந்த வேறுபாடு மூளையில் தெரிகிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளில் நீர் மூலக்கூறுகள் நீளவாக்கில் எளிதாக நகரும், குறுக்கே அவ்வளவு எளிதாக நகராது. அந்த நகர்வை ஸ்கேனில் அளந்தால் இழைகளின் கட்டமைப்பை ஊகிக்கலாம். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் இப்படி அளந்து, புலனுணர்வைக் கையாளச் சிரமப்படும் 16 சிறுவர்களுக்கு மூளையின் பின்பகுதி இணைப்புகள் வேறுபட்டிருப்பதைக் கண்டார்கள். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 2015-இல் வந்த ஆய்வு. ஒலியையும் கம்பளித் துணியின் உரசலையும் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது, மற்றவர்களின் மூளை சீக்கிரமே பழகி அடங்கியது. ஆட்டிசத்தோடு மிகையான புலனுணர்வும் உள்ள இளையோரின் அமிக்டலா, அதாவது ஆபத்தை உணர்த்தும் பகுதி, அப்படி அடங்கவில்லை. மின்விசிறியின் இரைச்சலை நீ சற்று நேரத்தில் மறந்துவிடுகிறாய். மறக்க முடியாதவர்களுக்கு அது ஒவ்வொரு நிமிடமும் புதிதாகவே கேட்டுக்கொண்டிருக்கிறது.

பதினாறு பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. ஸ்கேன் எடுக்கையில் தலை சற்று அசைந்தாலும் இல்லாத இணைப்பு வேறுபாடு தோன்றும் என்று 2012-இலேயே காட்டியிருக்கிறார்கள். அசையாமல் படுத்திருக்க இந்தப் பிள்ளைகளுக்குத்தான் அதிகச் சிரமம். மூளையின் வேறுபாடு இந்தச் சிரமத்துக்குக் காரணமா விளைவா என்பதும் தீரவில்லை. ஆகவே ஒரு படத்தை வைத்து ஒரு பிள்ளையை இன்னாரென்று முடிவுகட்ட முடியாது. குழுக்களின் சராசரிதான் அங்கே பேசுகிறது. ஆனால் அந்தச் சராசரி, பிள்ளைகள் தாங்களே சொல்லிவந்த வேதனையோடு ஒத்துப்போகிறது. வேறு வேறு முறைகளில் செய்த ஆய்வுகளும் அதே திசையைக் காட்டும்போது, பிள்ளையின் சொல்லை நம்பாதிருக்கக் காரணம் இல்லை.

"பழகப் பழகச் சரியாகிவிடும், விட்டுக்கொடுக்கக் கூடாது" என்பார்கள். பழகுவதே கடினமாக இருப்பவரை ஓசைக்குள் தள்ளினால் அச்சம்தான் பெருகும். பிள்ளையே வேகத்தைத் தீர்மானித்து, சிறுகச் சிறுகப் பழகுவது வேறு. அதற்குப் பயிற்சியாளர்கள் உதவலாம். பள்ளியில் செய்யக்கூடியவை எளியவை: மணி அடிக்குமுன் ஒரு வார்த்தை, ஓசையிலிருந்து தள்ளிய இருக்கை, காதடைப்பான், சற்று ஒதுங்க ஓர் அறை. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. தேவைக்கேற்ற வசதிகளைப் பள்ளி செய்து தரவேண்டும் என்றும் சொல்கிறது. உன் வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால், எந்த ஓசை அவரை வருத்துகிறது என்று முதலில் அவரிடமே கேள்; பிறகு இருவருமாக ஆசிரியரிடம் பேசுங்கள்.

அன்புடன்,
உன் பெரியம்மா