ஏறுதலும் இறங்குதலும்

செங்கற்பட்டு மாவட்டத்தில் மலை என்று பெயர் பெற்றவை பெரும்பாலும் குன்றுகளே. திருக்கழுக்குன்றத்தில் வேதகிரி உச்சிக்கு 500க்கு மேற்பட்ட படிகள் உள்ளன. மூச்சு வாங்கினும், சிறிது பொழுதில் ஏறிவிடலாம். மாமல்லபுரத்துப் பாறைகள் அதனினும் தாழ்ந்தவை. ஆயினும் அங்கேதான் பல்லவர் காலத்துச் சிற்பியர் இமயத்தைக் கல்லிற் செதுக்கி வைத்தனர். அருச்சுனன் தவம் என்று சிலரும், பகீரதன் தவம் என்று சிலரும் கூறும் அப்பெருஞ்சிற்பத்தில், பாறையின் நடுவேயுள்ள பிளவு கங்கையாகின்றது. அதன் இருமருங்கும் முனிவரும் வேடரும் யானையும் மானும் நிறைந்துள்ளனர். ஒன்று மட்டும் அங்கு இல்லை; அது பனி. கடலோரத்துச் சிற்பிக்குப் பனிமலை கேட்டறிந்ததே அன்றிக் கண்டறிந்தது அன்று போலும்!

அதே கடற்கரையில், மாமல்லபுரத்திற்கு வடக்கே, கோவளம் என்னும் மீனவர் ஊர் இருக்கின்றது. அவ்வூரினரும் அலைச்சறுக்கு வீரருமான ராஜசேகர் பச்சை என்னும் இளைஞர், 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்ட் முடியின்மீது நின்றார். அதே மாதத்தில், விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வியும் அம்முடியை அடைந்து, தமிழ்நாட்டுப் பெண்டிருள் அதனை எட்டிய முதல்வர் என்னும் சிறப்பைப் பெற்றார். எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீட்டர் என்று 2020இல் நேபாளமும் சீனாவும் கூடி அறிவித்தன. மலைகளின் உயரம் கடல் மட்டத்திலிருந்தே கணக்கிடப்படுவது. ஆதலின், அவ்வளவுகோலின் அடி கோவளத்தார் வீட்டு வாயிலிலேயே ஊன்றியிருக்கின்றது எனலாம்.

அத்துணை உயரத்தில் மனிதனுக்கு முதற்பகை யாது? செங்குத்தான பாறையும் அன்று, குளிரும் அன்று, காற்றின் குறைவே. நம்மீது அழுந்தும் காற்றின் பாரம் மேலே செல்லச் செல்லக் குறைகின்றது. எவரெஸ்ட் முடியில் அது கடற்கரையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்களவே. காற்றிற் கலந்துள்ள பிராணவாயுவின் விகிதம் எங்கும் ஒன்றுதான். ஆனால் ஒரு மூச்சிற் கிடைக்கும் அளவு மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றது. கடற்கரையில் இருப்பவர் ஒருவரைத் திடீரென்று கொண்டுபோய் அம்முடியில் நிறுத்தினால், சில நிமிடங்களில் அவர் நினைவிழந்து வீழ்வார். அதனால் மலையேறுவோர் உடலை மெல்ல மெல்லப் பழக்குகின்றனர். பகலில் ஒரு முகாம் வரை ஏறுவர். உறங்குதற்குக் கீழே இறங்கிவிடுவர். அடுத்த முறை அதனினும் உயரச் செல்வர். இவ்வாறு வாரக்கணக்கில் ஏறி இறங்கினால், குருதியில் செவ்வணுக்கள் பெருகி, கிடைக்கும் சிறிதளவு பிராணவாயுவையும் வீணாக்காது உடலெங்கும் சேர்க்கும். ஒரே மலையைப் பலமுறை ஏறி இறங்கியே ஒருமுறை வெல்கின்றனர். எனினும் 8,000 மீட்டருக்கு மேல் எந்தப் பழக்கமும் நெடுநேரம் காவாது. அப்பகுதியை மரண மண்டலம் என்றே மலையேறுவோர் வழங்குகின்றனர். அங்கு மிகப் பலரும் பிராணவாயுக் கலங்களைச் சுமந்தே செல்வர்.

நம் தமிழில் பனி என்பது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது. இமயத்தில் பஞ்சுபோல் வீழ்வதும் நமக்குப் பனியே. அது இறுகிப் பாறைபோல் ஆனதும் பனியே. நம் நாட்டு வாழ்க்கைக்கு ஒரு சொல் போதுமானதாயிற்று. மலையேறுவோர்க்கோ அவ்வேறுபாட்டிலேதான் உயிர் இருக்கின்றது. புதிதாய் வீழ்ந்த பனி திரளாய்ச் சரிந்து ஆளை மூடும். இறுகிய பனி காலை வழுக்கும். அதனால் காலணியின் அடியில் இரும்பு முட்களைப் பூட்டிக்கொண்டு, கையிற் பனிக்கோடரி ஏந்திச் செல்வர்.

இவற்றினும் இன்றியமையாதது கயிறு. ஒருவர் வழுக்கினால் ஏனையோர் தாங்கும்படி, எல்லாரும் ஒரே கயிற்றில் தம்மைப் பிணித்துக்கொள்வர். கயிற்றின் அருமையைக் கடற்கரை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மரங்களைக் கயிற்றாற் கட்டியதே கட்டுமரம். அச்சொல் ஆங்கிலத்திலும் புகுந்து வழங்குகின்றது. இன்று கண்ணாடியிழைப் படகுகள் பெருகிக் கட்டுமரம் அருகிவிட்டது. ஆயினும், இற்ற கயிற்றை நம்பிக் கடலில் இறங்கும் மீனவர் அன்றும் இலர், இன்றும் இலர்.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் ஒருமுறை அத்தகைய கயிறு நம்பப்பட்டது. 1865ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், எட்வர்ட் விம்ப்பர் என்னும் ஆங்கிலேயரும் அவருடன் அறுவரும், அதுவரை எவரும் ஏறியிராத மாட்டர்ஹார்ன் சிகரத்தை அடைந்தனர். அதன் உயரம் 4,478 மீட்டர். முடியில் ஒருமணி நேரம் போல் மகிழ்ந்திருந்துவிட்டு, எழுவரும் ஒரே தொடராய்க் கயிற்றிற் பிணைந்து இறங்கலாயினர். முன்னே வழிகாட்டி குரோ. அவருக்குப் பின் ஹாடோ என்னும் பத்தொன்பது வயதினர். ஹாடோவுக்குப் பழக்கம் போதாமையால், குரோ அவர் கால்களைத் தம் கையாற் பிடித்து ஒவ்வொன்றாய்ப் பாறையிற் பதியவைத்துக்கொண்டிருந்தார். அவ்வாறு வைத்துவிட்டுத் தாம் ஓரடி இறங்கத் திரும்பிய அளவில், ஹாடோ வழுக்கி அவர்மேல் வீழ்ந்தார். அவ்விருவரும் தமக்குப் பின் வந்த ஹட்சன், டக்ளஸ் இருவரையும் இழுத்துச் சென்றனர். மேலிருந்த மூவரும் பாறையைப் பற்றிக்கொண்டு தாங்கினர். கயிறு ஒரு நொடி இறுகிற்று, மறுநொடி அறுந்தது. நால்வரும் ஏறத்தாழ 1,200 மீட்டர் ஆழத்தில் வீழ்ந்து மடிந்தனர். அறுந்தது, அவர்கள் கொண்டுவந்த கயிறுகளுள் பழையதும் வலிமை குன்றியதும் ஆகும். நல்ல கயிறு பயன்படாமலே கிடந்தது. அவ்வறுந்த துண்டு செர்மாட் ஊரின் காட்சிச்சாலையில் இன்றும் இருக்கின்றது. டக்ளஸின் உடலோ கிடைக்கவேயில்லை.

அந்நால்வரும் இறந்தது ஏறும்போது அன்று, இறங்கும்போது. ஏறுகையில் கண்ணும் காலும் ஒருதிசை நோக்குகின்றன. இறங்குகையில் கால் தேடும் இடத்தைக் கண் எளிதிற் காண்பதில்லை. உடல் ஓய்ந்திருக்கும். எண்ணியது முடிந்தது என்று மனமும் சற்றே தளர்ந்திருக்கும். பொழுதும் சாயும். ஆதலின், இன்ன மணிக்குள் முடியை அடையாவிடின் திரும்பிவிடுவது என்று முன்னரே வரையறுத்துக்கொள்வது மலையேறுவோர் வழக்கம். தமிழில் மலைக்கு வரை என்றும் ஒரு பெயர் உண்டு; எல்லைக்கும் அதுவே பெயர். பொருத்தம் எண்ணி மகிழத்தக்கது.

1996ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், பிற்பகல் 2 மணி கடந்த பின்னும் பலர் எவரெஸ்ட் முடியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தனர். மாலையிற் பனிப்புயல் சூழ்ந்தது. மலையின் இருபுறத்தும் சேர்த்து எண்மர் மாண்டனர். அவருள் மூவர் இந்திய-திபெத்திய எல்லைக் காவற்படையைச் சேர்ந்த நம் நாட்டு வீரர்.

அதற்குச் சில நாள்களுக்கு முன், யோரான் குரோப் என்னும் ஸ்வீடன் நாட்டவர் தனியே அம்மலையில் ஏறினார். தம் நாட்டிலிருந்து மிதிவண்டியிலேயே நேபாளம் வந்து சேர்ந்தவர் அவர். பிராணவாயுக் கலமும் கொள்ளவில்லை. தொடையளவு பனியில் வழியமைத்து, முடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் கீழே வரை சென்றுவிட்டார். முடி கண்ணெதிரே நின்றது. ஆனால் பொழுது கடந்துவிட்டது. மேலே சென்றால் இருளில் இறங்க நேரும் என்று கண்டு, அவ்விடத்திலிருந்தே திரும்பிவிட்டார். இளைத்த உடல் தேறும்வரை கீழே காத்திருந்தார். மே 23ஆம் நாள் மீண்டும் ஏறி முடியில் நின்றார்; நலமே கீழிறங்கி, மிதிவண்டியை எடுத்துக்கொண்டு ஊர்நோக்கிப் புறப்பட்டார்.